நிறுவனரின் மூக்கு

பெல்ஜியம் நாட்டுக் கென்ட் நகரத்தில் நாற்பது வருஷமாக ஊரார் மூஞ்சியை வரைந்தே வயிறு வளர்த்த ஆன்சிக்கு, நவம்பர் மாதத்துக் காலையொன்றில் உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவரின் பட்டங்களைப் படித்து முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. கல்விக்காவலர், செயல்செம்மல், நிறுவனர் வம்சத்தின் நேரடித் தோன்றல், சூசைமாணிக்கம் நினைவு மேல்நிலைப் பள்ளியின் தாளாளர் இன்பசேகரன்.

பள்ளிக்கு நூறு வயசாகிறதாம். விழாவில் பழைய மாணவி ஆன்சிக்கு 'உலக ஓவியப் பேரொளி' என்று பட்டம் கொடுக்கிறார்களாம். இதுவரைக்கும் சிரித்துக்கொண்டுதான் படித்தாள். கடைசிப் பத்தியில் சிரிப்பு நின்றது.

'மேலும் ஒரு நற்செய்தி. இதுகாறும் எவரும் கண்டிராத நம் நிறுவனரின் புகைப்படம் ஒன்று கிடைத்துள்ளது. தாங்கள் வரைந்த திருவுருவ ஓவியத்தின் அருகிலேயே அது திறந்துவைக்கப்படும். சிற்சில வேறுபாடுகள் தென்படின், தாங்கள் தூரிகையுடன் வந்து ஓவியத்தைத் திருத்தியருள வேண்டும்.'

சிற்சில வேறுபாடுகளாம். மூஞ்சி முழுசுமே வேறுபாடுதான். பள்ளிக்கூட ஹாலில் நாற்பத்து மூன்று வருஷமாக மாலையோடு தொங்குகிற அந்தப் படத்தில் இருப்பது நிறுவனர் சூசைமாணிக்கம் இல்லை. போர்டிங் சமையல்காரர் நல்லகாமன். இந்த உலகத்திலேயே இது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஆன்சி நம்பிக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். நிறுவனர் 1938இல் செத்துப்போனார். கேமராவைக் கண்டாலே எழுந்து போய்விடுகிற மனிதர் என்பதால் ஒரு போட்டோகூட இல்லை. 1982இல் கமிட்டிக்காரர்களுக்குத் திடீரென்று ரோஷம் வந்தது. அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் எல்லாம் நிறுவனர் படம் இருக்கும்போது நம் சுவர் மட்டும் மூளியாக நிற்பதா? கணக்கு வாத்தியார் மகள் ஆன்சி அப்போது சென்னையில் ஓவியம் படித்துக்கொண்டு, லீவுக்கு வந்திருந்தாள். வயசு பத்தொன்பது. கூப்பிட்டார்கள்.

பெரியவரை நேரில் பார்த்தவர்கள் என்று ஐந்து பேர் வந்து அடையாளம் சொன்னார்கள். ஒருத்தர் நெட்டை என்றார். அடுத்தவர் குட்டை என்றார். மூன்றாமவர் கழுகு மூக்கு என்று சத்தியம் செய்தார். நான்காமவர், அவர் முன்னால் நின்றால் நாங்கள் தரையைத்தான் பார்ப்போம், பெருவிரல் வேண்டுமானால் சொல்கிறேன் என்றார். ஐந்தாமவருக்குக் காது கேட்கவில்லை. ஒரு வாரத்தில் ஆன்சியின் கையில் ஐந்து நிறுவனர்கள் இருந்தார்கள், ஐவரும் உதவாதவர்கள்.

தோளுக்கும் உட்காரும் தோரணைக்குமாவது ஓர் ஆள் வேண்டும் என்றாள். தலைமையாசிரியர் தாமே வந்து உட்கார்ந்தார். ஏழு நிமிஷத்தில் வராந்தாவில் எவனோ ஓடுகிறான் என்று பிரம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மற்ற வாத்தியார்களும் அதே லட்சணம்தான். கடைசியில், மத்தியானச் சோற்றை இறக்கிவைத்துவிட்டு, நல்லகாமன் வந்து கவிழ்த்துப்போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம். நாலு நாளும் அப்படித்தான், ஈ உட்கார்ந்தும் அசையவில்லை. இளவயசில் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது கமலை வடம் அறுந்து அடித்ததில் மூக்கு இடது பக்கமாகச் சாய்ந்திருக்கும். வலது புறங்கையில் கஞ்சி கொட்டிய தழும்பு.

முகத்தைக் கற்பனையாகப் போட்டுவிடலாம் என்றுதான் ஆன்சி நினைத்திருந்தாள். நாலாம் நாள் பார்த்தால் நல்லகாமனே வந்து உட்கார்ந்துவிட்டார், மூக்கும் தழும்புமாக. அதுவரைக்கும் அவள் கையிலிருந்து உயிரோடு எதுவும் வந்ததில்லை. சுரண்டி அழிக்க மனசு வரவில்லை. தலைப்பாகை வைத்தாள், கோட்டு மாட்டினாள், மீசையை நரைக்க வைத்தாள், கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தாள். திரை விலகியபோது ஐவரில் ஒருத்தர், "அப்படியே பெரியவர்!" என்று விக்கி விக்கி அழுதார். மற்ற நான்கு பேரும் தங்கள் நினைவுக்குக் குறைச்சல் வந்துவிடக்கூடாதே என்று அழுதார்கள். காது கேட்காதவர்தான் அதிகமாக அழுதார்.

'காணாதவரைக் கண்முன் நிறுத்திய மாணவி' என்று அன்றைய தாளாளர் கொடுத்த கடிதம்தான் ஆன்சியைப் பெல்ஜியத்துக்கு ஏற்றிவிட்டது. அங்கிருந்த கன்னியாஸ்திரீகள் ஒரு கலைக்கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்தார்கள். படிப்பு முடிந்து இரண்டு வருஷம் சதுக்கத்தில் குடைக்குக் கீழே உட்கார்ந்து, சுற்றுலா வந்தவர்களைப் பத்து நிமிஷத்துக்கு ஓர் ஆளாக வரைந்தாள். அப்புறம் ஒரு மீன்கடைக்காரர். அவர் கடைக்கு மீன் வாங்க வந்த ஒரு நீதிபதி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். அதோடு பிடித்துக்கொண்டது. ஏழு நீதிபதிகள், ஒரு மேயர், மூன்று துணைவேந்தர்கள், ஒரு மடத்துத் தலைவி. கணவரையும் வரைந்தாள், பல் டாக்டர். நாள் பூராவும் திறந்த வாய்களையே பார்த்தவர், வாய் மூடிய முகத்தைப் பார்த்தது அந்தப் படத்தில்தான். இப்போது அவரும் இல்லை, படம் இருக்கிறது.

பதவி பெருகப் பெருக ஆள் உட்காரும் நேரம் சிறுக்கும் என்பது அவள் தொழிலில் கண்ட உண்மை. அசையாமல் உட்காருவதில் எவரும் நல்லகாமனுக்கு ஈடாகவில்லை. வரைகூடத்தில் ஆள் உட்காருகிற முக்காலிக்கே 'நல்லகாமன்' என்று பெயர் வைத்திருந்தாள். அது ஏதோ யோகாசனத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, பெல்ஜியத்து நீதிபதிகள் மரியாதையாக உச்சரிப்பார்கள்.

எந்தப் பேட்டியானாலும் முதல் கேள்வி அந்த முதல் படத்தைப் பற்றித்தான் இருக்கும். அவளும், கண்ணால் காணாதவரை அடையாளம் கேட்டே வரைந்தேன் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டாள். நாற்பது வருஷப் பெயரும் அந்த ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்திருந்தது. இப்போது போட்டோ வந்துவிட்டது.

விமானத்திலேயே முடிவு செய்துவிட்டாள். மூக்கை நிமிர்த்துவது, தாடையைத் திருத்துவது எல்லாம் இரண்டு மணி நேர வேலை. போட்டோவில் எப்படியோ அப்படி மாற்றிவிட்டால் கதை முடிந்தது. ஒரு குஞ்சுக்கும் தெரியாது. வர்ணப் பெட்டியோடு சிம்மக்கல்லில் ஒரு லாட்ஜில் தங்கி, மறுநாள் காலையில் கார் பிடித்து வந்து பள்ளிக்கூட வாசலில் இறங்கினாள்.

வாசலில் இருபதடி உயரத்துக்கு அவளே நின்றாள். பிளக்ஸ் கடைக்காரர் தன் கைவண்ணத்தில் அவளைச் சுண்ணாம்பு வெள்ளையாக்கி, முப்பது வயசைக் குறைத்து, வேறு யாருடைய கழுத்தையோ வைத்திருந்தார். கழுத்தில் அவள் ஜென்மத்தில் போடாத ஓர் ஆரம்.

"என்னடி, பிளக்ஸுல வெள்ளைக்காரியா இருக்க, நேர்ல பாத்தா எங்கள மாதிரியேதான் இருக்க?"

எதிர்த்த டீக்கடையிலிருந்து குரல். நல்லகாமன் மகள் பாண்டியம்மாள். ஆன்சியோடு பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. தலை நரைத்திருந்தது; வாய் நரைக்கவில்லை.

"பாண்டி! நல்லா இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன். உக்காரு. சீனி போடவா, இல்ல அந்த ஊருல போயி சீனி வியாதிய வாங்கிட்டு வந்துட்டியா?"

"போடாத."

"வாங்கிட்டுத்தான் வந்திருக்க." பாண்டியம்மாள் பாலை அடுப்பில் வைத்தாள். திரும்பாமலே கேட்டாள். "போட்டோ வந்துருச்சாம்ல. வரலாறு எடுக்குற சூரியபிரகாஷ் சார் சொன்னாரு. அப்ப எங்கய்யாவ எறக்கிருவாகளா?"

ஆன்சி பெட்டியைக் கீழே வைத்தாள். "உனக்குத் தெரியுமா?"

"கூறுகெட்டவளே, பெத்த அப்பன் மூஞ்சி தெரியாமலா இருக்கும்? பழைய ஆளுக அம்புட்டுப் பேருக்கும் தெரியும். யாரு வாயத் தொறப்பா? இப்ப அவரு சாமியாயிட்டாருல்ல. பன்னெண்டாப்புப் புள்ளைக பரீச்சைக்கு மொத நாளு ஹால் டிக்கெட்ட அவரு கால்மாட்டுல வச்சுக் கும்பிட்டுட்டுத்தான் போகுதுக. மூணாப்புத் தாண்டாத மனுசன். அவரக் கும்பிட்டு எம்புட்டுப் பேரு தாலுகா ஆபீசுல உக்காந்திருக்காக தெரியுமா?"

"அந்தக் கைத் தழும்ப பத்தி யாரும் கேக்கலையா?"

"கேக்காம? ஆண்டு மலருல அச்சடிச்சே போட்டாக. பள்ளிக்கூடக் கூரை தீப்பிடிச்சப்ப, வருகைப் பதிவேட்டக் காப்பாத்தப் போயி சுட்டுக்கிட்டாராம் நிறுவனரு." பாண்டியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "கஞ்சி வடிக்கையில சட்டி வழுக்குனதுக்கு வந்த பவுச பாத்தியா!"

"இன்பசேகரனுக்குத் தெரியாதா?"

"அவன் கதை பெருங்கதை. தாளாளர் பதவிக்குப் பெரியவரு சொந்தக்காரவுக மூணு பேரு நின்னாக. இவன் நேரா ஹாலுக்குப் போயி, படத்துக்குக் கீழ நின்னு, தலையத் திருப்பிக் காமிச்சான். ரெண்டு மூக்கும் ஒரே பக்கம் சாஞ்சிருக்கு. ரத்தம் பேசுதுன்னு கமிட்டி கைதூக்கிருச்சு. பேசுனது ரத்தம் இல்லடி, எருமை. மொபெட்ட ஓட்டிட்டு வந்து சந்தைக்கிட்ட எருமைல விட்டான். நீ அப்ப வெளிநாட்டுல இருந்த."

டீயை நீட்டினாள். அப்புறம் குரல் இறங்கியது.

"எங்கய்யாவுக்குன்னு ஒரு போட்டோ கெடையாதுடி. செத்தப்ப ரேசன் கார்டுல ஏது படம்? தெவசத்துக்கு வைக்கக்கூட ஒண்ணும் இல்ல. வருசா வருசம் நிறுவனர் நாளைக்குப் போயி, ஒரு ஓரமா நின்னு பாத்துட்டு வாரேன். அம்புட்டுத்தான்." கண் கீழே போனது. "அந்தப் பெட்டியில என்னா?"

"பெயிண்ட்."

பாண்டியம்மாள் திரும்பிக்கொண்டாள். கழுவி வைத்திருந்த கிளாசுகளை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

தாளாளர் அறையில் இன்பசேகரன் கும்பிட்ட கையோடு நின்றார். பொன்னாடை போர்த்துவதற்கென்றே வளர்ந்த தோள். பக்கத்தில் வரலாற்று ஆசிரியர் சூரியபிரகாஷ், முப்பது வயசு, கையில் பரிசுத்தாள் சுற்றிய ஒரு பெரிய சட்டம். ஹாலிலிருந்து இறக்கித் துடைத்த ஓவியம் சுவரோரம் துணி மூடி நின்றது.

"வருக, வருக, வண்ணத்தின் வாரிசே! கடல் கடந்தும் கலை மறவாத எங்கள் மண்ணின் மகளே! நிறுவனரின் குருதி ஓடும் இந்த எளியேனின் இல்லத்துக்கு..."

"ஆபீஸ் சார்," என்றார் சூரியபிரகாஷ்.

"...அலுவலகத்துக்கு வருகை தந்தமைக்கு நன்றி. புகைப்படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. தாங்கள் சாட்சியாக இருக்க, என் கரத்தால்தான் பிரிப்பேன் என்று காத்திருக்கிறேன்." சொல்லும்போதே கை மூக்குக்குப் போய்வந்தது. நெற்றியில் வேர்வை. அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

சூரியபிரகாஷ் ஓவியத்தின் துணியை எடுத்தார். நாற்பது வருஷத்துக்கு அப்புறம் ஆன்சி நல்லகாமனைப் பார்த்தாள். காது தப்பு, ஒரு விரல்கடை கீழே இறங்கியிருந்தது. கோட்டின் மடிப்பு காகிதம் மாதிரி. பெல்ஜியத்தில் இப்படி ஒரு கோட்டை வரைந்திருந்தால் மேயர் விரட்டியிருப்பார். ஆனால் அந்தக் கண், உலையை இறக்கிவைத்துவிட்டு அடுத்து ராத்திரிக்கு என்ன குழம்பு என்று யோசிக்கிற கண், அப்படியே உயிரோடு இருந்தது. ஏழு நீதிபதிகளில் ஒருத்தருக்கும் அவள் இப்படி ஒரு கண் வைக்கவில்லை.

இன்பசேகரன் பரிசுத்தாளைக் கிழித்தார்.

1929இல் எடுத்த படம். சூரியபிரகாஷ் எழுதிக் கேட்டதில், வெளிநாட்டு மிஷன் ஆவணக்கூடம் ஒன்று தேடி எடுத்து அனுப்பியது. ஆசிரியர்கள் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேர் விறைப்பாகக் கேமராவைப் பார்த்தார்கள். மூன்றாவது ஆள் குட்டை, உருண்டை, கழுத்தே இல்லை, பணியாரம் மாதிரி ஒரு சப்பை மூக்கு. நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, படத்துக்கு வெளியே யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அசைந்ததில் கொஞ்சம் கலங்கியிருந்தது. மூக்கு மட்டும் கலங்கவில்லை.

சூரியபிரகாஷ் மூன்றாவது ஆளின் மேல் விரலை வைத்தார்.

"மூன்றாவது என்று எப்படிச் சொல்கிறீர்?" என்றார் இன்பசேகரன்.

"பின்னாடி பேரு எழுதியிருக்கு சார். இடது பக்கமிருந்து மூணாவது, சூசைமாணிக்கம்."

"யாருக்கு இடது? நமக்கா, அவர்களுக்கா?"

"அவங்களுக்கு இடதுன்னு எண்ணுனா அந்த மூணாவது ஆளு வெள்ளைக்காரரு சார்."

இன்பசேகரன் வெள்ளைக்காரரின் மூக்கை ஒரு கணம் ஆசையாகப் பார்த்தார். பிறகு ஆன்சியின் பக்கம் திரும்பினார். "அம்மையீர், தாங்கள் தூரிகை கொண்டுவந்தீர்களா?"

ஆன்சி பெட்டியின் மேல் கை வைத்தாள். இரண்டு மணி நேரம். நீதிபதிகளும் பேட்டிகளும் நாற்பது வருஷப் பெயரும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. வெளியே ஒருத்தி கழுவிய கிளாசையே கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் திருத்தமாட்டேன்," என்றாள். "படத்துல இருக்கிறது நிறுவனர் இல்ல. அவர் எப்படி இருப்பார்னே எனக்குத் தெரியாது. இது போர்டிங் சமையல்காரர் நல்லகாமன். நாலு நாள் நேர்ல உட்காரவச்சு வரைஞ்சேன். நாளைக்கு மேடையில நானே சொல்லிடறேன். பட்டத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

சூரியபிரகாஷ் போட்டோவையும் ஓவியத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இன்பசேகரன் எழுந்தார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலையும் சாத்தினார். திரும்பி வந்தபோது தோளில் இருந்த மேடை இறங்கிவிட்டது, வாயில் இருந்த தமிழும் இறங்கிவிட்டது.

"அக்கா, மெதுவாப் பேசுங்கக்கா."

"என்ன?"

"நல்லகாமன்னு எனக்குத் தெரியாதாக்கா? எட்டாப்பு வரைக்கும் அந்தாளு கையாலதான தின்னேன். நீங்க சொல்லிட்டு பிளேன் ஏறிப் போயிருவீக. நான் இந்த மூக்க வச்சுக்கிட்டு எங்கிட்டுக்கா போவேன்?"

ஆன்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். "தெரிஞ்சா எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?"

"அந்தக் காலத்துப் போட்டோ, மூக்கு எங்க தெரியப்போகுதுன்னு நெனச்சேன். நீங்க வந்து, ஆமா, அச்சு அசல் அப்படியேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீகன்னா முடிஞ்சுச்சு. ரெண்டு மாசமா ஒழுங்காச் சாப்பாடு எறங்கலக்கா. இந்தா, இந்த சூரியபிரகாஷ கேளுங்க."

"பந்தியில ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்களே சார்," என்றார் சூரியபிரகாஷ்.

ஆன்சிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக, அப்புறம் வயிற்றிலிருந்து. நாற்பது வருஷமாகக் கட்டிக் காத்த ரகசியம் டீக்கடைக்குத் தெரிந்திருக்கிறது, தாளாளருக்குத் தெரிந்திருக்கிறது, ஊர்க் கிழடுகள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவர்கள் பெல்ஜியத்துக்காரர்கள் மட்டும்தான். இத்தனை வருஷம் சுமந்த மூட்டையை இறக்கிப் பார்த்தால் உள்ளே பஞ்சு. இன்பசேகரன் அவள் சிரிப்பதைக் கொஞ்ச நேரம் பயந்து பார்த்தார். பிறகு அவருக்கும் தொற்றிக்கொண்டது. அது கை மூக்குக்குப் போகாத சிரிப்பு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆன்சி சொன்னாள். "பொய்யா இனிமே ஒரு வரி எழுதக்கூடாது. போட்டோவ ஓவியத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்க. கீழ, 'பள்ளியின் ஆசிரியர்கள், 1929'னு போடுங்க. அது நிஜம்தானே?"

"நிஜம்," என்றார் சூரியபிரகாஷ். பிறகு, வரலாற்று ஆசிரியர் என்பது ஞாபகம் வந்து, "பின்னாடி எழுதியிருக்கிற பேரை யாரும் அழிக்கக்கூடாது. கேக்குற பிள்ளைங்களுக்கு நான் சொல்லுவேன்," என்றார்.

"கேக்குற புள்ளைகளுக்குத்தான?" என்றார் இன்பசேகரன். அவர் பள்ளியில் கேள்வி கேட்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியும். நிம்மதியாகத் தலையாட்டினார்.

"இன்னொண்ணு. நாளைக்குப் படத்துக்கு மாலை போடறது பாண்டியம்மாள்."

"டீக்கடை அக்காவா? எம்எல்ஏ போடுறதா நோட்டீஸ் அடிச்சாச்சேக்கா. என்ன காரணம் சொல்றது?"

"பழைய மாணவி."

"அம்புட்டுப் போதுமா?"

"அம்புட்டுப் போதும். எம்எல்ஏ குத்துவிளக்கு ஏத்தட்டும்."

அப்புறம் ஆன்சி வர்ணப் பெட்டியைத் திறந்தாள். இன்பசேகரனுக்கு மறுபடியும் வேர்த்தது. "பயப்படாதீங்க," என்று சொல்லி, சூரியபிரகாஷைச் சட்டத்தைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னாள். கித்தானின் முதுகில் மெல்லிய தூரிகையால் எழுதினாள்: 'நல்லகாமன், போர்டிங் சமையல். 1982. நேரில் பார்த்து வரைந்தது. ஆன்சி.' போட்டோவின் முதுகில் ஓர் உண்மை, ஓவியத்தின் முதுகில் ஓர் உண்மை. சுவருக்குத்தான் இரண்டும் தெரியும்.

மறுநாள் விழாவில் இன்பசேகரன் ஐம்பத்திரண்டு நிமிஷம் பேசினார். மேடைத் தமிழ் முழு உடம்போடு திரும்பி வந்திருந்தது. ரத்தம், வம்சம், மரபு எல்லாம் வந்தன. மூக்கு வரவேண்டிய இடத்தில் மட்டும் ஆன்சியின் பக்கம் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்தார். எம்எல்ஏ விளக்கேற்றிவிட்டு, பேரையூரில் ஒரு காதுகுத்து என்று கிளம்பினார். ஆன்சிக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதில் 'உலக ஓவியப் பேரொளி' என்பது ஒரு வரியில் அடங்காமல், ஒளி மட்டும் தனியாகக் கீழே கிடந்தது.

"அடுத்ததாக, பழைய மாணவி பாண்டியம்மாள் மாலை அணிவிப்பார்."

பச்சைச் சேலையில் பாண்டியம்மாள் படியேறினாள். மாலையைப் போட்டாள். மற்றவர்கள் போட்டவுடன் கேமராவுக்குத் திரும்புவார்கள். இவள் திரும்பவில்லை. சாய்ந்திருந்த மாலையை நேராக்கினாள். முந்தானையால் கண்ணாடியில் ஓர் இடத்தைத் துடைத்தாள். எண்ணூறு பிள்ளைகள் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல்தான், ஆனாலும் நன்றாகத் தட்டினார்கள்.

எல்லாம் முடிந்து, கேடயத்தையும் மூன்று பொன்னாடைகளையும் அணைத்துக்கொண்டு ஆன்சி டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். உடம்பு பஞ்சாக இருந்தது. பாண்டியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாலை ஆற்றினாள். கேட்காமலே ஒரு சிட்டிகை சீனியைப் போட்டாள்.

"கிட்டத்துல நின்னு இன்னைக்குத்தாண்டி பாக்குறேன்," என்றாள். "காத மட்டும் கொஞ்சம் எறக்கி வச்சுட்ட. எங்கய்யாவுக்கு மேல இருக்கும்."

"தெரியும். நேத்தே பார்த்தேன். பெட்டி இருக்கு, வேணும்னா ஏத்தி வச்சிரட்டுமா?"

பாண்டியம்மாள் டீயை நீட்டியபடி கொஞ்சம் யோசித்தாள்.

"வேணாம், விடு. நாப்பது வருசமா அந்தக் காதுலதான சொல்லிட்டு இருக்கேன். கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கு."